வயிறு வீங்கி நிமிர்ந்தே நிற்கும் கோழி: வயசுதானா, நோயா?

மலைவீட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் தரைவீடு, பின்கட்டில் வலை அடித்த கூண்டில் நான்கு பழுப்புப் பெட்டைகள். நான்குக்கும் நாலு வயசு தாண்டிவிட்டது. முதல் இரண்டு வருஷம் விடாமல் முட்டை, அண்டை வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தும் தீராது. இப்போது ஒன்று மட்டும் அவ்வப்போது இடுகிறது, அதுவும் ஓடு கையில் எடுத்தாலே நசுங்குகிறது, சில நாள் வெறும் தோல்முட்டை. அது கிடக்கட்டும், முட்டைக் கணக்குப் பார்க்கிற காலம் போய்விட்டது. கவலை இன்னொரு பெட்டையைப் பற்றி. அது முட்டையை நிறுத்தி வெகு நாளாகிறது, ஆனால் அடிவயிறு பருத்து, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, காலை அகட்டி அகட்டி நடக்கிறது, கொண்டை வெளுத்துவிட்டது. தீனி தின்கிறது, ஆனால் முன்பு போல முண்டியடித்து வருவதில்லை. மாமியார் "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்கிறார். பக்கத்து கிளினிக்கில் நாய் பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இது வயசுதானா, இல்லை வேறு ஏதாவதா?

நாமக்கல்_மாப்பிள்ளை:
அக்கா, எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், மிளகுக் குழம்பு.

சும்மா சொன்னேன், அடிக்க வராதீர்கள். ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பண்ணையில் முட்டைக்கோழி 18, 20 வாரத்தில் இட ஆரம்பிக்கும், 72-லிருந்து 80 வாரத்துக்குள் கறிக்கு லாரி ஏறிவிடும், இப்போது சில பண்ணைகளில் கொஞ்சம் தள்ளி அனுப்புகிறார்கள். அதற்கு மேல் அந்தக் கோழிக்கு என்ன சீக்கு வரும் என்பது பண்ணைக்காரருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. நான் கோழிப் பண்ணைக்குள்ளேயே வளர்ந்தவன், நாலு வயசுப் பண்ணைக்கோழியைக் கண்ணால் பார்த்ததே சிங்கப்பூர் வந்த பிறகுதான். அதனால் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டால் கிடைக்கிற அறிவுரை எல்லாம் இளங்கோழிக்கான அறிவுரை. அதை நம்பி மருந்து ஊற்றாதீர்கள்.

நர்ஸம்மா:
பறவை பார்க்கும் கிளினிக்கில் பல வருஷம் வேலை பார்த்தவள், டாக்டர் இல்லை, அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"வயசாயிடுச்சு" என்பதை நான் முதலில் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலு வயசு ஒரு கோழிக்குக் கிழப்பருவமே இல்லை, நாட்டுக்கோழி எட்டு வருஷம் கூட இருக்கும். ஆனால் இந்தப் பழுப்புக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை இடுவதற்காக உருவாக்கப்பட்ட இனம், இதன் மூதாதையான காட்டுக்கோழி வருஷத்துக்கு 10, 15 முட்டைக்கு மேல் போகாது. கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பையும் இடப்பக்கத்து முட்டைக் குழாயும் மட்டும்தான் வேலை செய்யும். அந்த ஒரே குழாய் இரண்டு வருஷம் ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறது. பழுதாவது முதலில் அங்கேதான்.

நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு மூன்று நான்கு காரணம் இருக்கலாம். மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்து, அதில் கிருமி (பெரும்பாலும் ஈ. கோலை) பிடித்து அழற்சி ஆகியிருக்கலாம். குழாய்க்குள்ளேயே சீழ் கட்டி ரப்பர் போல உருண்டிருக்கலாம். சினைப்பையில் புற்றுநோய் இருக்கலாம். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது: மனிதப் பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் முட்டைக்கோழியைத்தான் வைத்து ஆராய்கிறார்கள், ஏனென்றால் தானாகவே அது அடிக்கடி வருகிற பிராணி வேறு கிடைப்பது அரிது. இரண்டு மூன்று வயசுக்கு மேல் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். இது எல்லாவற்றிலுமே வயிற்றில் நீர் கோக்கலாம், அந்த நீரின் பாரத்தால்தான் அப்படி நிமிர்ந்து நிற்பது.

பார்ப்பது இப்படி. இருட்டிய பிறகு கம்பில் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகத் தூக்கி மடியில் வையுங்கள். ஆசனவாய்க்கும் நெஞ்சு எலும்பின் முனைக்கும் நடுவில் உள்ளங்கையை வையுங்கள், அழுத்த வேண்டாம். மெத்தென்று இருந்தால் சரி. நீர் தளும்பினால் கையிலேயே தெரியும். கெட்டியாக, மாவு மாதிரி இருந்தால் உள்ளே எதுவோ திரண்டிருக்கிறது. அப்புறம் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள், சதை வற்றி எலும்பு கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தால், வயிறு பெரிதாக இருந்தாலும் கோழி இளைத்துவிட்டது என்று அர்த்தம். மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நீர் முழுக்க மூச்சுப் பைகள் மேல் போய் அமுக்கும், கையிலேயே போய்விடும்.

இறகு நிறையக் கிடப்பதால் கண்ணால் பார்த்தால் எடை குறைந்தது தெரியவே தெரியாது. சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைப்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்கிற ஒரே பழக்கம்.

மலைவீட்டுக்காரி:
அக்கா, நேற்று ராத்திரி பார்த்தேன். தளும்புகிறது. நெஞ்செலும்பு நீங்கள் சொன்ன மாதிரியேதான், நன்றாகவே கையில் தட்டுகிறது. எடை 1.9 கிலோ இருக்கிறது, அதைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்துவிட்டேன், இப்போது புரிகிறது அதில் பாதி தண்ணீர் என்று. முட்டை சிக்கியிருக்குமோ என்று என் கணவருக்குச் சந்தேகம்.

நர்ஸம்மா:
முட்டை சிக்கியிருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். அது ஒரு நாள் இரண்டு நாளில் முற்றிவிடும் விஷயம்: கூட்டுக்குள் போய் வந்து போய் வந்து முக்கும், வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும், தீனியைத் தொடாது, வாய் திறந்து மூச்சு வாங்கும். அப்படி இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் அடிவயிறு மூழ்க உட்கார வைத்து, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடலாம். முட்டை வராவிட்டால் அன்றைக்கே டாக்டர். எண்ணெய் ஊற்றிக் கையை விட்டு எடுக்கிறேன் என்று யாரும் இறங்காதீர்கள், உள்ளே உடைந்தால் அவ்வளவுதான். உங்களுடையது வாரக்கணக்கில் மெதுவாக வந்தது. அது முட்டை இல்லை.

கம்பத்து_அங்கிள்:
நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செம்பவாங் கம்பத்தில் எங்கள் வீட்டில் கோழி இல்லாத நாளே இல்லை. இந்த மாதிரி வயிறு வீங்கின கோழியைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. வெள்ளைக்கழிச்சல் வரும், அம்மை வரும், பாம்பு பிடிக்கும், உடும்பு முட்டை குடிக்கும், ஆனால் இது இல்லை. ஏன் என்று யோசித்தேன். அந்தக் கோழிகள் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சு கூட்டிக்கொண்டு திரிவது இரண்டு மூன்று மாசம், அதுவரைக்கும் முட்டையே கிடையாது. நர்ஸம்மா சொன்ன அந்த ஓய்வு அப்போது தானாகவே கிடைத்தது. இந்தப் பண்ணை இனத்துக்கு அடைகாக்கிற புத்தியையே எடுத்துவிட்டார்கள், அது உட்காரவே உட்காராது.

இன்னொன்று, எங்கள் அம்மா சுக்கும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொடுப்பார். அதைக் கொடுத்துப் பார்க்கலாமே மகளே, கெடுதல் இல்லையே.

நர்ஸம்மா:
அங்கிள், அடையைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. மஞ்சளைப் பற்றி மட்டும் மாட்டேன். மேல் காயத்துக்குப் பூசுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வயிற்றுக்குள் நீர் கோத்த கோழிக்கு உருண்டை திணித்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகிற ஆபத்துதான் அதிகம். கெடுதல் இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் போய்விடும், அந்த ஒரு வாரம்தான் மருந்து வேலை செய்திருக்கக்கூடிய வாரம்.

மெல்பர்ன்வாசி:
பிடோக்கில் பிறந்து இங்கே வந்து குடியேறியவன். ஓய்வு என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். இங்கே ஜூன் மாசம் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். ஏப்ரல் மே வாக்கில் கோழிகள் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தும், மறுபடி ஆரம்பிக்க ஆகஸ்ட் ஆகிவிடும். முட்டை வேண்டும் என்கிறவர்கள் கூண்டில் விளக்குப் போட்டுப் பகலை 14 மணி நேரமாக்குவார்கள், நான் போடுவதில்லை. சிங்கப்பூரில் வருஷம் பூராவும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது, பத்து நிமிஷம் கூடக் குறைய. கோழியின் உடம்புக்கு "இப்போது நிறுத்து" என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. அதனால் உங்கள் ஊர் முட்டைக்கோழி என்னுடையதைவிடச் சீக்கிரம் தேய்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதோடு அங்கே சிலர் கார் நிறுத்துமிடத்து விளக்கை ராத்திரி முழுக்க எரிய விடுவார்கள், கூண்டு அதன் கீழேயே இருக்கும். முதலில் அதை அணையுங்கள்.

மலைவீட்டுக்காரி:
எங்கள் பின்கட்டு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், பாதுகாப்புக்கு என்று. இன்றிலிருந்து அசைவு உணர்ந்து எரிகிற விளக்காக மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பொங்கோல்_பையன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தாத்தா வீட்டில் (தரைவீடு, நான் இருப்பது வீவக அடுக்குமாடி, அங்கே கோழிக்கு அனுமதி இல்லை) ஒரு பெட்டை காலையில் செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயந்திரம் வரை நன்றாக இருந்தது, நல்ல கொழுகொழு கோழி. கொண்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. பாம்பு கடியா?

நாமக்கல்_மாப்பிள்ளை:
தம்பி, தாத்தா என்ன தீனி போடுகிறார்? மிச்சச் சோறு, ரொட்டித் துண்டு, மீந்த சப்பாத்தியா?

பொங்கோல்_பையன்:
எப்படி அண்ணே கண்டுபிடித்தீர்கள். பாட்டி புரோட்டாவும் போடுவார்.

நாமக்கல்_மாப்பிள்ளை:
இது பண்ணையிலும் நாங்கள் பார்க்கிற ஒன்றுதான், வெயில் காலத்தில் நிறைய. ஈரலில் கொழுப்பு சேர்ந்து சேர்ந்து ஈரல் பஞ்சாகிவிடும். முட்டையிட முக்கும்போதோ, யாராவது துரத்தும்போதோ அது கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிவிடும். அதனால்தான் கொண்டை வெளுப்பு. வெளியே ஒரு காயம் இருக்காது. கொழுத்த கோழிதான் இப்படிப் போகும். வெயிலில் கோழி அசையாது, சோற்றுக்கு மட்டும் ஓடி வரும், எரிகிற சக்தி குறைவு, சேருகிற மாவுச்சத்து அதிகம். பாட்டியிடம் சொல்லுங்கள், கீரை போடலாம், பப்பாளி போடலாம், சோறு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். அறுத்துப் பார்க்காமல் நிச்சயம் சொல்ல முடியாது, ஆனாலும் நான் பாம்பைச் சந்தேகப்பட மாட்டேன்.

நர்ஸம்மா:
வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூடே 41 டிகிரி, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ள வேண்டும், அதுவும் காற்றில் ஈரம் அதிகம் இருக்கிற நம் ஊரில் பாதிதான் வேலை செய்யும். வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ரத்தத்தின் காரத்தன்மை மாறும், அப்போது ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேருவது கெடும். மதியம் மூன்று மணிக்கு வாய் பிளந்து இறக்கையை விரித்து நிற்கிற கோழி நாளைக்கு மெல்லிய ஓட்டு முட்டை இட்டால், அதற்குக் கிளிஞ்சல் மட்டும் மருந்தில்லை. நிழலும் மின்விசிறியும் குளிர்ந்த தண்ணீரும்தான் முதலில். வயசான கோழிக்குக் குடலில் சுண்ணாம்பு உறிஞ்சுகிற திறனும் குறையும், இரண்டும் சேர்ந்துதான் உங்களுக்குத் தோல்முட்டை.

கூண்டுக்காரன்_தெம்பனிஸ்:
முட்டைத்தீவனத்தையே நான்குக்கும் போடுகிறீர்களா மலைவீட்டு அக்கா? முட்டையிடாத கோழிக்கு அது கெடுதல் என்று எங்கேயோ படித்தேன்.

நர்ஸம்மா:
சரியாகப் படித்திருக்கிறீர்கள். முட்டைத்தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம். ஒரு முட்டை ஓட்டுக்கே இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது, அதற்காகத்தான் அவ்வளவு. முட்டையை நிறுத்திய கோழிக்கும் சேவலுக்கும் ஒரு சதவீதமே போதும். மிச்சத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், மாதக்கணக்கில் அப்படிப் போனால் சிறுநீரகம் கெட்டு யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேலும் கால் மூட்டிலும் சுண்ணாம்பு பூசின மாதிரி படியும். நொண்டுகிற கிழக்கோழியில் கால் ஆணிக்கு அடுத்து நான் தேடுவது இதைத்தான்.

கம்பத்து_அங்கிள்:
கால் ஆணி என்றதும் ஞாபகம். சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் கோழி விடுகிறவர்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறீர்களா? நடுவில் கறுப்பாகப் பொருக்கு, சுற்றி வீக்கம். கனத்த கோழி உயரமான கம்பிலிருந்து குதித்து குதித்து வருவது.

நர்ஸம்மா:
அதேதான் அங்கிள். பொருக்கைச் சீண்டாமல் ஆரம்பத்திலேயே பிடித்தால் உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, கிருமிநாசினி போட்டு, மெத்தென்று கட்டுக் கட்டி, கம்பைத் தாழ்த்தி, தரையில் வைக்கோலோ மரத்தூளோ பரப்பினால் பாதி கேஸ் அடங்கிவிடும். வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே கிருமி, டாக்டர்தான். காலில் செதில் தூக்கிக்கொண்டு சாம்பல் பூத்திருந்தால் அது வேறு, செதிலுக்கடியில் பூச்சி. சோப்புத் தண்ணீரில் கழுவி வாஸ்லின் களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள், எல்லாக் கோழிக்கும், வாரக்கணக்கில். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், இன்னும் சிலர் பூசுகிறார்கள்.

மலைவீட்டுக்காரி:
பறவை பார்க்கிற டாக்டர் ஒருவர் கிடைத்தார். ஊசி வைத்து நீரை எடுத்தார்கள், ஒரே தடவையில் முழுக்க எடுக்கவில்லை, மொத்தமாக எடுத்தால் அதிர்ச்சியில் போய்விடும் என்றார். அன்றைக்குச் சாயந்திரமே வந்து தீனிக்கு ஓடியது. ஆனால் ஸ்கேனில் சினைப்பைப் பக்கம் கட்டி தெரிகிறது. டாக்டர் மூடி மறைக்காமல் சொன்னார்: அறுவை செய்யலாம், பிழைக்கிற வாய்ப்பு குறைவு. ஹார்மோன் உள்வைப்பு ஒன்று உண்டு, டெஸ்லோரெலின் என்று பெயர், அது முட்டை உற்பத்தியைச் சில மாதம் நிறுத்தும், கட்டியைக் கரைக்காது. நீரை மறுபடி மறுபடி எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் இடைவெளி குறையும். வீட்டில் பேசினோம். பெரியவன் அறுவை செய்யலாம் என்கிறான், மாமியார் இவ்வளவு காசா என்கிறார், நான் நடுவில் நிற்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்?

மெல்பர்ன்வாசி:
நான் இரண்டு கோழிக்கு நீர் எடுத்துப் பார்த்தவன். அறுவை செய்ய மாட்டேன். நன்றாகத் தின்று, மண்ணில் புரண்டு, மற்றவற்றோடு சேர்ந்து திரிகிற வரைக்கும் வைத்திருப்பேன். ஒதுங்கிப் போய் மூலையில் இறகு சிலிர்த்து உட்கார்ந்தால், தீனியைத் தொடவில்லை என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய், வலியில்லாமல் முடித்துவிடுகிற ஊசியைப் போட்டுவிடுவேன். அதை முன்னாடியே வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து வைப்பது நல்லது, அன்றைக்கு வந்து பேச முடியாது.

நாமக்கல்_மாப்பிள்ளை:
காசு விஷயம் பேசினால் கல்நெஞ்சக்காரன் என்பீர்கள், பரவாயில்லை. கோழி வலியைக் காட்டாத பிராணி. மற்ற கோழி கொத்திவிடும் என்று கடைசி வரைக்கும் நன்றாக இருப்பதாக நடிக்கும். அதனால் "தின்கிறதே" என்பதை மட்டும் வைத்து இழுத்துக்கொண்டே போகாதீர்கள். மாமியாரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊசி போட்டு முடிப்பதற்கும் காசு ஆகும், அதை ஒதுக்கி வையுங்கள். கழுத்தைத் திருகுகிறேன் என்று தெரியாதவர்கள் யாரும் கை வைக்க வேண்டாம்.

நர்ஸம்மா:
மாப்பிள்ளை சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன், குழம்பைத் தவிர. மருந்து கொடுத்திருந்தால் அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடக்கூடாது, எத்தனை நாள் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். உள்வைப்பு வைத்தாலும் அதே கதைதான். மற்ற மூன்றில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிற ஒன்று இருக்கிறதே, உள்வைப்பைப் பற்றி அதற்காகக் கேளுங்கள். கெட்டுப்போன குழாயைவிட இன்னும் கெடாத குழாய்க்குத்தான் ஓய்வு உதவும்.

பொங்கோல்_பையன்:
இவ்வளவு படித்த பிறகு ஒரு சந்தேகம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோழி சாய்ந்தால்?

நர்ஸம்மா:
அப்போது இந்த இழையை மூடிவிட்டுப் போனை எடுங்கள் தம்பி. வயசுக்கோழி நோய் ஒவ்வொன்றாகத்தான் வரும். கூட்டமாகச் சாவது, தலை வீங்குவது, கொண்டை நீலமாவது, கழுத்து முறுக்கிக்கொள்வது, இதெல்லாம் பறவைக் காய்ச்சலாகவோ ராணிக்கெட்டாகவோ (அங்கிள் சொன்ன வெள்ளைக்கழிச்சல்தான்) இருக்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். கோழியைத் தொட்ட கையோடு எங்கும் போகாதீர்கள்.

கூண்டுக்காரன்_தெம்பனிஸ்:
அதற்காகத்தான் விதியே அப்படி. தரைவீட்டில் விற்பனைக்கு இல்லாமல் பத்துக் கோழி வரை வைக்கலாம், ஆனால் காட்டுப் பறவை நுழையாத மாதிரி வலை அடித்த கூண்டில்தான். மைனாவும் புறாவும் தீவனத் தொட்டியில் வந்து உட்காருவதைத் தடுத்தாலே பேனும் செள்ளும் பாதி குறையும். அதோடு கொசுவலையும் போடுங்கள், அம்மையைக் கொண்டுவருவது கொசு. சேவலைப் பற்றிப் பேசவே வேண்டாம், 2017-இல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த கோழிகள் கூவி, சத்தம் என்று புகார் போய், அவற்றைக் கொன்றது எல்லாருக்கும் தெரியும்.

மலைவீட்டுக்காரி:
அறுவை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பெரியவனுக்கு வருத்தம்தான், ஆனால் எடை பார்க்கிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான். கடைசியாக ஒரு கேள்வி அக்கா, மூன்று கோழி முட்டையிடாது, ஒன்று இடும், ஒரே கூண்டு. தீவனத்தை எப்படிப் பிரிப்பது? தனித்தனியாக வைத்தால் எல்லாம் எல்லாவற்றிலும் வாய் வைக்கின்றன.

நர்ஸம்மா:
பிரிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு குறைந்த வளர்தீவனமே போடுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில், தீவனத்தோடு கலக்காமல், மழை படாத மூலையில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தனக்குத் தேவையானதைத் தேடிப்போய்த் தின்னும், அதிலும் சாயந்திரம்தான், ஏனென்றால் ஓடு உருவாவது ராத்திரியில். மற்றவை சும்மா கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். கிளிஞ்சல் கிடைக்கவில்லை என்றால் முட்டை ஓட்டையே ஓவன் அடுப்பில் வாட்டி நொறுக்கி வைக்கலாம், ஆனால் ஓட்டின் வடிவம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள், இல்லையென்றால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.